ஆய்வுக் கட்டுரை ஆங்கிலம்: இலக்கணத்தையும் சொல்லையும் சேர்த்துக் கற்பிக்க ஒரு முழு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் புவியியல் துறை ஆய்வு மாணவி ஒருவர் தன் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கொண்டுவந்தார். தொடக்க வரி இது: "இன் திஸ் ஸ்டடி வீ டிஸ்கஸ்ட் அபவுட் ஹௌ த கிரவுண்ட்வாட்டர் இஸ் கெட்டிங் ரெட்யூஸ்ட் பிகாஸ் பீப்பிள் ஆர் பம்பிங் டூ மச்." அவர் பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணை போட்டு ஒப்பிக்கக்கூடியவர். வரியில் "அபவுட்" ஒன்றுதான் அப்பட்டமான பிழை. ஆனாலும் இந்த வரியை எந்த ஆய்விதழும் இப்படியே அச்சிடாது.

இருவரும் உட்கார்ந்து மாற்றினோம்: "எக்ஸெசிவ் பம்பிங் ஹாஸ் லெட் டு எ டிக்ளைன் இன் கிரவுண்ட்வாட்டர் லெவல்ஸ்."

இது இலக்கணப் பாடமா, சொல் பாடமா? "டிக்ளைன்" என்பதைப் பெயர்ச்சொல்லாக எடுத்ததுமே முன்னால் "எ" வந்து உட்காருகிறது, பின்னால் "இன்" வந்தே தீரவேண்டும். "லெட்" வந்தால் "டு" வரும். "பீப்பிள் ஆர் பம்பிங்" என்ற முழு வாக்கியம் "பம்பிங்" என்ற ஒற்றைப் பெயராகச் சுருங்கியதும் "டூ மச்" போய் "எக்ஸெசிவ்" வருகிறது. எது இலக்கணம், எது சொல் என்று பிரிக்கவே முடியவில்லை. நம் பாடத்திட்டங்களோ திங்கட்கிழமை கிராமர், புதன்கிழமை வொக்காபுலரி என்று பிரித்துவைத்திருக்கின்றன. ஆய்வு மாணவர்களுக்கு எழுதக் கற்றுத்தரும் ஆங்கில ஆசிரியர்களுக்கும், வழிகாட்டிப் பேராசிரியர்களுக்கும், ஆசிரியர் கிடைக்காமல் தாமாகவே கற்பவர்களுக்கும் இந்தப் பிரிவினையைக் கலைக்கும் வழியைத்தான் கீழே சொல்கிறேன்.

முதல் படி: கையால் ஒரு பக்கம் எழுதவையுங்கள்

மின்னஞ்சலில் வரும் பக்கத்தை நம்பாதீர்கள். அது ஏற்கெனவே ஏதாவது ஒரு திருத்தும் செயலி வழியாகக் குளித்து, பவுடர் போட்டு வந்திருக்கும். வகுப்பிலேயே, போனை ஓரமாக வைத்துவிட்டு, "உங்கள் ஆய்வு எதைப் பற்றியது, ஏன் அதைச் செய்கிறீர்கள்" என்று முந்நூறு சொற்கள் எழுதச் சொல்லுங்கள்.

மூன்று வண்ணப் பென்சில்கள் போதும். பொருளே புரியாத இடத்துக்கு ஒரு நிறம். சொல் தவறு, அல்லது சொல் சரியாக இருந்து அதன் துணைச்சொல் (அதோடு சேர்ந்து வரவேண்டிய சொல்) தவறு என்றால் இன்னொரு நிறம். மற்ற இலக்கணப் பிழைகளுக்கு மூன்றாவது. பிறகு எண்ணுங்கள். என் வகுப்புகளில் பெரும்பாலும் இரண்டாவது நிறம்தான் தாளை நிறைக்கும். மூன்றாவது நிறத்தில் ஆர்ட்டிக்கிளும் ஒருமை பன்மையும் முந்தும்; டென்ஸ் பின்தங்கியே நிற்கும். உங்கள் வகுப்பிலும் அப்படியே வந்தால், டென்ஸுக்கு ஒதுக்கிய வாரங்களைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: சொற்களில் எது அடித்தளம், எது மேல்மாடி

1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் சுமார் 2000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உண்டு. வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளக் குழந்தைகள் ஆங்கிலம் வாசிக்கத் திணறுவதை நேரில் பார்த்தவர். அந்தப் பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாத் துறை ஆய்வெழுத்திலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களை 2000-இல் அவெரில் காக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் தொகுத்தார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்ற நான்கு புலங்களிலிருந்து 35 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பைச் சலித்து அவர் எடுத்தது 570 சொற்குடும்பங்கள். ஆய்வு நூல் ஒன்றில் உள்ள சொற்களில் ஏறக்குறைய 10 சதவீதம் இவைதான். "அனலைஸ்", "ஃபேக்டர்", "சிக்னிஃபிகன்ட்", "வேரி" எல்லாம் அதன் முதல் உட்பட்டியலிலேயே இருக்கின்றன.

பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதை அச்செடுத்துக் கொடுத்து வாரம் அறுபது சொல் ஒப்பிக்கச் சொல்வது வீண் வேலை. நானும் ஒரு பருவம் அதைச் செய்து பார்த்தவன்தான். தேர்வில் நூற்றுக்கு நூறு. கட்டுரையில் பழைய கதையே.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பட்டியலில் உள்ள சொல்லை மாணவர் வாசித்தால் புரிந்துகொள்கிறாரா, எழுதும்போது எடுக்கிறாரா என்பவை வேறு வேறு கேள்விகள். தெரிந்த சொல் எல்லாம் பேனாமுனைக்கு வராது. இரண்டாவது, ஒரே சொல் துறைக்குத் துறை வேறு முகம் காட்டும். கென் ஹைலண்ட், பாலி ட்ஸே என்ற ஆய்வாளர்கள் 2007-இல் எழுப்பிய கேள்வியே அதுதான்: எல்லாத் துறைக்கும் பொதுவான ஆய்வுச்சொல் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் "சிக்னிஃபிகன்ட்" என்று எழுதிக் காட்டினால் உடனே பி-மதிப்பு (முடிவு தற்செயலா என்று சோதிக்கும் புள்ளியியல் எண்) எங்கே என்பார். இலக்கிய மாணவருக்கோ அது "முக்கியமான" என்பதற்கு மேல் எதுவுமில்லை.

ஆகவே பட்டியலை வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் தன் துறையில் நல்ல ஆய்விதழ்க் கட்டுரைகள் இருபதைச் சேர்த்து, அவற்றை எழுத்துக்கோப்பாக மாற்றி, ஆண்ட்காங்க் என்ற இலவச மென்பொருளில் போடட்டும். ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கியது அது. "டிக்ளைன்" என்று தட்டினால் அந்தக் கட்டுரைகளில் அந்தச் சொல் வந்த வரிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். பின்னால் "இன்" எத்தனை முறை, "ஆஃப்" எத்தனை முறை என்று மாணவரே பார்த்துக்கொள்வார். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஆய்வேடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றனவே என்று சிலர் அதையே சேர்ப்பார்கள். வேண்டாம். பொருளறிவுக்கு அது புதையல். நடைக்கு, பதிப்பாசிரியரின் கை பட்ட கட்டுரைகளே நல்லது.

மூன்றாம் படி: சொல்லை அதன் சுற்றத்தோடு சேர்த்துக் கொடுங்கள்

ஒரு சொல்லைக் கற்பிக்கும்போது அதன் பொருளோடு நிறுத்தாமல் நான்கு விவரங்களைச் சேர்த்தே கேட்பேன். எண்ணக்கூடியதா? பின்னால் எந்தப் பிரிபொசிஷன்? "தட்" ஏற்குமா? முன்னால் எந்த வினை வரும்?

எண்ணக்கூடியதா என்ற கேள்வியே பாதிப் பிழைகளைத் தீர்த்துவிடும். "ரிசர்ச்சஸ்", "எக்விப்மென்ட்ஸ்", "இன்ஃபர்மேஷன்ஸ்", "சாஃப்ட்வேர்ஸ்" எல்லாம் நம் ஆய்வேடுகளில் உலா வருபவை. தமிழில் ஆய்வுகள், கருவிகள், தகவல்கள் என்று தாராளமாகப் பன்மை போடலாம். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. "ஸ்டடீஸ்" என்று போடச் சொல்லுங்கள், அல்லது "எ பீஸ் ஆஃப் எக்விப்மென்ட்" என்று.

பிரிபொசிஷன் தொல்லை வினைச்சொல்லில் அதிகம். "டிஸ்கஸ்", "எம்ஃபசைஸ்", "இன்வெஸ்டிகேட்" மூன்றும் நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்பவை. ஆனால் இவை பெயராக மாறியதும் துணை கேட்கும்: "எ டிஸ்கஷன் ஆஃப்", "ஆன் எம்ஃபசிஸ் ஆன்", "ஆன் இன்வெஸ்டிகேஷன் இன்டு". மாணவர்கள் குழம்புவது இங்கேதான். பெயருக்கு உரியதை வினைக்கும் சூட்டிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதிவையுங்கள்.

"தட்" விஷயம் இன்னும் சுவையானது. தமிழில் "என்று" எந்த வினையோடும் ஒட்டும்: என்று கூறினார், என்று வாதிட்டார், என்று விவாதித்தார், என்று விமர்சித்தார். ஆங்கிலத்தில் "ஆர்க்யூட் தட்" சரி, "சஜஸ்டட் தட்" சரி. "டிஸ்கஸ்ட் தட்" கூடாது, "கிரிட்டிசைஸ்ட் தட்" கூடாது. நம்முடைய "என்று"வின் தாராளம் அங்கே இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், விதி சொல்லாமலே மாணவர் உஷாராகிவிடுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகளின்படி மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. அந்தப் பத்துக்குள் அடங்கவேண்டுமே என்ற பயத்தில் மாணவர்கள் மற்றவர் வாக்கியத்தை எடுத்து, சொல்லுக்குச் சொல் நிகர்ச்சொல் போடுகிறார்கள். "ஹை யீல்ட்" என்பது "டால் யீல்ட்" ஆகிறது. சுற்றம் மாறாமல் சொல்லை மட்டும் மாற்றினால் வாக்கியம் நொண்டும். மூலத்தை மூடிவைத்துவிட்டு, புரிந்ததைத் தமிழில் ஒரு வரி எழுதி, அந்தத் தமிழ் வரியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகச் சொல்லுங்கள். மூலத்தை எழுதியவர் பெயரை அதன் பிறகும் குறிப்பிட்டே ஆகவேண்டும். அதில் விலக்கு இல்லை.

நான்காம் படி: வாக்கியத்தைப் பெயராகச் சுருக்குதல்

நீண்ட, கிளைவிட்ட வாக்கியங்கள்தான் ஆய்வு நடை என்று பலர் நினைக்கிறார்கள். மொழியியலாளர் டக்ளஸ் பைபர் குழுவினர் பெரிய மொழித்தொகுப்புகளை அலசிக் காட்டியது வேறு. துணைவாக்கியங்கள் பேச்சில்தான் அதிகம். ஆய்வெழுத்து பெயர்ச்சொல்லைச் சுற்றி அடைகளை அடுக்கிச் செறிவாகிறது. "கிரவுண்ட்வாட்டர் லெவல்ஸ் இன் கோஸ்டல் டிஸ்ட்ரிக்ட்ஸ்" என்ற தொடரில் வினையே இல்லை. ஆனால் எவ்வளவு செய்தி!

இதைக் கற்பிக்கத் தமிழாசிரியர் ஏற்கெனவே அடித்தளம் போட்டுவைத்திருக்கிறார். தொழிற்பெயர் என்றதும் எந்த மாணவருக்கும் பளிச்சென்று விளங்கும். குறை என்பது குறைதல், குறைவு ஆவதுபோல "ரெட்யூஸ்" என்பது "ரிடக்ஷன்" ஆகிறது. "மழை பொய்த்தது, அதனால் விளைச்சல் குறைந்தது" என்ற இரு வாக்கியங்களை "மழை பொய்த்ததால் ஏற்பட்ட விளைச்சல் குறைவு" என்று தமிழிலேயே சுருக்கவையுங்கள். அடுத்த வாக்கியத்தை அந்தப் பெயரில் தொடங்கவையுங்கள். பிறகு அதே வேலையை ஆங்கிலத்தில் செய்யவையுங்கள். முதலில் தமிழில் செய்த வகுப்புகளில் எனக்கு நேரம் பாதியாக மிச்சமானது.

வேறுபாட்டையும் சொல்லுங்கள். தமிழில் அடைகள் எல்லாம் பெயருக்கு முன்னால் வரும்: மாவட்டத்தில் கடந்த ஆண்டு வெட்டப்பட்ட கிணறு. ஆங்கிலத்தில் நீண்ட அடை பெயருக்குப் பின்னால் போகும்: "வெல்ஸ் டக் இன் த டிஸ்ட்ரிக்ட் லாஸ்ட் இயர்". தலைப்பெயரை (அடைகள் எல்லாம் சார்ந்து நிற்கும் பெயரை) கண்டுபிடித்து அடிக்கோடு போட்டு, அதற்கும் வினைக்கும் ஒருமை பன்மை பொருந்துகிறதா என்று பார்ப்பதே பயிற்சி. இடையில் "டிஸ்ட்ரிக்ட்ஸ்" என்று ஒரு பன்மை வந்துவிட்டால் வினை அதன் பக்கம் சாய்ந்துவிடும். தலைப்பெயர் "லெவல்" என்ற ஒருமையாக இருந்தாலும்.

அளவு மிஞ்சவேண்டாம். "வீ மெஷர்ட்" என்று எழுதவேண்டிய இடத்தில் "மெஷர்மென்ட் வாஸ் கேரிட் அவுட்" என்று எழுதுவது செறிவல்ல, சுமை. "யூஸ்" போதும் என்ற இடத்தில் "யூட்டிலைசேஷன்" போடுவதும் அப்படித்தான். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் "வெற்றெனத் தொடுத்தல்" ஒன்று. அதைக் கரும்பலகையில் எழுதிவைத்தால் வேறு விளக்கமே தேவைப்படாது.

ஐந்தாம் படி: ஆர்ட்டிக்கிள்

தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை, அதனால் வராது என்று கைவிரிப்பவர்கள் உண்டு. தனிச்சொல்லாக இல்லையே தவிர, அந்த வேறுபாடு நம் மொழியிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. "மாதிரி எடுத்தோம்" என்கிறோம். அடுத்து "மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினோம்" என்கிறோம். முதல் வாக்கியத்தில் ஐயுருபு இல்லை. எந்த மாதிரி என்று இன்னும் தெரியாது. இரண்டாவதில் உருபு வந்துவிட்டது. ஏற்கெனவே பேசிய மாதிரி. அங்கே "எ சாம்பிள்", இங்கே "த சாம்பிள்". அஃறிணைச் செயப்படுபொருளுக்கு மட்டுமே பொருந்தும் உத்தி இது, எல்லா இடத்துக்கும் உதவாது. ஆனாலும் "த" என்பதன் உள்ளுணர்வு தனக்கு முன்பே இருக்கிறது என்று மாணவர் அறியும் கணம் முக்கியமானது.

அதைவிடப் பெரிய லாபம் "ஃப்யூ", "லிட்டில்" இரண்டிலும் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையின் அறிமுகப் பகுதியின் அமைப்பை மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் மூன்று நகர்வுகளாக வகுத்தார்: களத்தைக் காட்டு, அதில் உள்ள இடைவெளியைக் காட்டு, அந்த இடைவெளியில் உன் ஆய்வை வை. இரண்டாவது நகர்வில் மாணவர் "எ ஃப்யூ ஸ்டடீஸ் ஹாவ் எக்ஸாமின்ட்" என்று எழுதினால் இடைவெளியே காணாமல் போய்விடும். சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன, நல்லதுதானே என்று படிப்பவர் போய்விடுவார். "ஃப்யூ ஸ்டடீஸ்" என்றால்தான் போதிய ஆய்வில்லை என்ற குறை ஒலிக்கும். தமிழில் இதே வேலையை ஓர் ஏகாரம் செய்கிறது: "சில ஆய்வுகள் நடந்துள்ளன", "சில ஆய்வுகளே நடந்துள்ளன". ஒற்றை எழுத்தில் ஓர் ஆய்வின் தேவையே நிற்கிறது. இலக்கணம் எதற்கு என்று கேட்கும் அறிவியல் மாணவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

ஆறாம் படி: டென்ஸைப் பகுதிவாரியாகக் கொடுங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் போதும். செய்துமுடித்த செய்முறைக்கும் கிடைத்த முடிவுக்கும் இறந்தகாலம். அட்டவணையையும் படத்தையும் சுட்டும்போது நிகழ்காலம்: "டேபிள் 2 ஷோஸ்". முந்தைய ஆய்வுகளை மொத்தமாகச் சொல்லும்போது "ஹாவ் ஷோன்". ஆண்டு போட்டு ஒருவரது செய்முறையைச் சொன்னால் இறந்தகாலம். முடிவின் பொருளை விவாதிக்கும்போது நிகழ்காலமும் "மே", "குட்" போன்ற துணைவினைகளும். துறைக்குத் துறை சிறு மாறுதல் இருக்கும். மாணவர் சேர்த்த இருபது கட்டுரைகளில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: "கூடும்" என்று எழுதும் துணிச்சல்

"இட் இஸ் புரூவ்ட் தட்" என்ற தொடரை எத்தனை ஆய்வேடுகளில் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. நாற்பது கிணறுகளை அளந்து ஒரு மாவட்டத்தின் நிலத்தடி நீரைப் பற்றி எதையும் நிரூபித்துவிட முடியாது. "சஜஸ்ட்" போதும், "இண்டிகேட்" போதும்.

இதில் சொல்லும் இலக்கணமும் கைகோத்தே வருகின்றன. "மே", "மைட்" துணைவினைகள். "அப்பியர்" "டு" கேட்கும். "லைக்லி"க்கும் "டு" வேண்டும். "பாசிபிலிட்டி"க்குப் பின்னால் "தட்". ஐந்தாறு வார்ப்புகளை மட்டும் கொடுத்து, அதே முடிவை ஐந்து அளவு உறுதியில் எழுதச் சொல்லுங்கள். எது தன் தரவுக்குப் பொருந்துகிறது என்று மாணவரே வாதாடவேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்லி தொகுத்த அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க் என்ற ஆய்வுத்தொடர்களின் இணையத் தொகுப்பு இதற்குக் கைகொடுக்கும்; இலவசம். ஒரே வரியில் "மே பாசிபிளி பெர்ஹாப்ஸ்" என்று மூன்று தயக்கங்களை அடுக்குபவர்களும் உண்டு. ஒன்று போதும் என்று சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: வாக்கியங்களைக் கோப்பது

"மோர்ஓவர்", "ஃபர்தர்மோர்", "ஹென்ஸ்" மூன்றையும் இரண்டு வாரத்துக்குத் தடை செய்யுங்கள். அப்போதுதான் கட்டுரையில் எது எதோடு இணைகிறது என்பது வெளிச்சத்துக்கு வரும். மாற்றாக ஒரே ஓர் உத்தி: முந்தைய வாக்கியத்தின் சாரத்தை "திஸ்" என்பதோடு ஒரு பெயர் சேர்த்துத் தொடங்குவது. "எக்ஸெசிவ் பம்பிங் ஹாஸ் லெட் டு எ டிக்ளைன் இன் கிரவுண்ட்வாட்டர் லெவல்ஸ். திஸ் டிக்ளைன்..." வெறும் "திஸ்" என்று விட்டால் எதைச் சுட்டுகிறது என்று தெரியாது. "திஸ் டிக்ளைன்", "திஸ் டிரெண்ட்", "திஸ் அசம்ப்ஷன்" என்று பெயர் சூட்டவேண்டும். சரியான பெயரைத் தேடும்போதுதான் காக்ஸ்ஹெட் பட்டியலில் இருக்கும் சொற்கள் மாணவர் கைக்குத் தாமாக வருகின்றன.

ஒன்பதாம் படி: எவ்வளவு திருத்துவது

நானும் தொடக்கத்தில் தாள் முழுக்கச் சிவப்பாக்கியவன். மாணவர் வீட்டுக்குப் போய் நான் எழுதியதை அப்படியே பார்த்துப் படியெடுத்து வருவார். அடுத்த தாளில் அதே பிழைகள். எழுத்துவகுப்பில் இலக்கணத் திருத்தமே பயனற்றது, விட்டுவிடுங்கள் என்று 1996-இல் ஜான் ட்ரஸ்காட் எழுதினார். 1999-இல் டேனா ஃபெரிஸ் மறுத்தார். தேர்ந்தெடுத்துத் தெளிவாகத் திருத்தினால் பயன் உண்டு என்பது அவர் பக்கம். பிற்பாடு ஜான் பிட்செனர் 2008-இல் ஆர்ட்டிக்கிளின் இரண்டே பயன்பாடுகளை மட்டும் எடுத்துத் திருத்திப் பார்த்தார்: முதல் முறை சொல்லும்போது "எ", திரும்பச் சொல்லும்போது "த". திருத்தம் பெற்றவர்கள் இரண்டு மாதம் கழித்தும் மற்றவர்களைவிடத் துல்லியமாக எழுதினார்கள்.

ஒரு தாளில் இரண்டு வகைப் பிழையை மட்டும் தொடுங்கள் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. வரியின் ஓரத்தில் "ஆ" என்றால் ஆர்ட்டிக்கிள், "து" என்றால் துணைச்சொல். சரியான விடையை எழுதித் தரமாட்டேன். மாணவர் ஆண்ட்காங்கில் தேடித் திருத்தி வரவேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்துபவர்களிடமும் இதே நிபந்தனைதான்: பிழை இருக்கும் இடத்தை மட்டும் காட்டு, மாற்றி எழுதாதே என்று அதற்குக் கட்டளையிடச் சொல்கிறேன். முழுப் பத்தியையும் அது எழுதித் தந்தால் நடை பளபளக்கும். வாய்மொழித் தேர்வில் ஒரு வரிக்கு விளக்கம் கேட்டால் மாணவர் விழிப்பார்.

பொருளே குழம்பியிருக்கும் பத்தியில் எந்தக் குறியும் போடாதீர்கள். அதை மாணவர் முதலில் உங்களிடம் தமிழில் சொல்லட்டும். என்ன சொல்ல வருகிறார் என்று இருவருக்கும் புரிந்தபிறகு எழுதவையுங்கள்.

தொடாமல் விடவேண்டியவையும் சில உண்டு. புவியியல் மாணவியின் கட்டுரை முழுக்க "லாக்", "க்ரோர்" என்றே கணக்குப் போட்டிருந்தார். இந்திய இதழுக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன். பிறகு வெளிநாட்டு இதழுக்கு அனுப்ப முடிவுசெய்தபோதுதான் இருவருமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மில்லியனுக்கு மாற்றினோம். ஓர் இடத்தில் ஒரு பூச்சியம் கூடிப்போனதை அவர்தான் கண்டுபிடித்தார்.